பிள்ளையாருக்குப் படைத்த வெல்லம்

இன்று காலை கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட கார்ப்பரேஷன் ஆள் வந்திருந்தார். நம் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக இருந்த அதே கிணறுதான். டப்பாவைத் திறந்ததும் நெடி அடுக்களைவரை வந்தது. இருமிக்கொண்டே, "யம்மா, ஒரு துண்டு வெல்லம் குடேன், நெஞ்சு கமறுது" என்றார். வெல்லத்தை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நீதான் வந்து கேட்கிறாய் என்று தோன்றியது.

யுத்த காலத்தில், பக்கத்துக் குடித்தனத்தில் இருந்த நீ, கால்வாய்க்கரைக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாய். பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியை வெளுக்கிற இடம். வெளுக்கிற பிளீச்சிங் தூள் பறந்து வீணாகுமென்று சன்னல்களைக்கூட அடைத்து வைத்திருந்தார்களாம். மாலையில் நீ நடைக்குள் நுழைந்தாலே புடவையில் இதே நெடி அடிக்கும். கண்கள் அழுதவளுடையவை போலச் சிவந்திருக்கும்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லத்துண்டு கொடுப்பாராம். "இத்த துன்னா தூளு தானா கீழ எறங்கிடும்" என்பாராம். நீ நம்பினாய். நானும் நம்பினேன்.

பிறகு வெல்லம் கிடைப்பதே அரிதாகி, மேஸ்திரி நிறுத்திவிட்டார். அன்று இந்தக் கிணற்றடியில்தான் கேட்டாய்: "அக்கா, வெல்லமும் இல்ல. மூச்சு வாங்குது. நின்னுடலாம்னு கீது. நீ இன்னா சொல்ற?"

எழுத்துக் கூட்டித் தானாகவே படித்துக்கொண்டவள் நான். நான் சொன்னால் சரியாயிருக்கும் என்று உனக்கு எண்ணம். எனக்கும்தான். "நான் தரேன்டி. பிள்ளையாருக்குப் படைச்ச வெல்லம். ஒண்ணும் ஆகாது, போ" என்றேன்.

சிரித்தாய். "அவருக்கு இன்னாக்கா, அம்மாம் நீளத் தும்பிக்கை, தாங்குவாரு. எனக்கு இத்துனூண்டு மூக்குதான கீது!"

சாமியைக் கேலி பண்ணாதே என்று அதட்டினேன். கொடுத்த வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாய். அன்று முதல் தினமும், வீட்டில் நாங்கள் தொடாமல் மிச்சம் பிடித்ததில், நெல்லிக்காய் அளவில் இரண்டு துண்டு. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ஒருநாளும் நான் தவறவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு குடம் தூக்க முடியாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் வெல்லத்தைப் பற்றி நானே பெருமையாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வெல்லம் வயித்துக்குப் போகும்மா. தூள் நெஞ்சுக்குப் போகுது. ரெண்டுக்கும் வழி வேற" என்றார். நீ கட்டிலில் கண்ணை மூடியிருந்தாய். அது உன் காதில் விழுந்ததா, இல்லையா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பங்குனியில் அறுபத்து மூவர் வீதி வந்தபோது நீ இல்லை.

சாமிமேல் எனக்கு வருத்தமில்லை. போகச் சொன்னது அவரில்லையே.

இன்று அந்த ஆளுக்கு வெல்லம் கொடுக்கவில்லை. "தோள் துண்டை மூக்கோட சேத்துக் கட்டுப்பா. காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு போடு" என்றேன்.

"ஒரு துண்டு வெல்லத்துக்கா இம்மாம் பேச்சு?" என்று முணுமுணுத்தபடியே கட்டிக்கொண்டார். சொல்லட்டும். அவர் டப்பாவை மூடும்வரை நிலைப்படியைவிட்டு நகரவில்லை. இறுகப் பிடித்திருந்ததில், வெல்லம் என் கையிலேயே பிசுபிசுத்துக் கரைந்துகொண்டிருந்தது.