பறப்பதா, ஓடுவதா

12.8.2008, செவ்வாய். திருத்தணி.

பறக்கும் ரோபோவா, தரையில் ஓடும் ரோபோவா, எதற்குப் புரோகிராம் எழுதப் போகிறேன் என்று நாளைக்குள் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். நூல் அறுந்த தறியை எது சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்க இரண்டையும் ஆர்.கே.பேட்டைக்குத் தூக்கிப் போனேன். அக்கா வீட்டுக்காரர், பாவா, அங்கே எட்டு பவர்லூம் ஓட்டுகிறார்.

சக்கர வண்டி பாதி ஷெட் போவதற்குள் அச்சில் பஞ்சு சுற்றி நின்றுவிட்டது. பறக்கிறதைக் கிளப்பினேன். அதன் விசிறிக் காற்றில் தரைத் தூசெல்லாம் எழும்பி, தறியில் இருந்த புடவை மேல் அப்பியது. அக்கா பார்த்த பார்வை!

பாவா திட்டவில்லை. "இது இன்னாத்துக்கும்மா?" என்றார்.

எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்லும் என்றேன்.

"அறுந்தா தறியே நின்னுடுதே. எட்டுல எது நின்னுச்சுன்னு தூங்கிகினு இருந்தாக்கூட எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுடும்."

ஆறு மாதமாகப் பறப்பதா ஓடுவதா என்று ஆபீசில் கத்தியிருக்கிறேன். பாவா இருப்பது ஒரு டவுன் பஸ் தூரத்தில். ஒரு தடவை போய்க் கேட்டேனா? நாளைக்கு எதைச் சொன்னாலும் பொய்தான். தலையைச் சீவச் சீவப் பஞ்சு வருகிறது.