நன்றாக இருப்பவள்

பெசன்ட் நகர்
9.6.2024

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு, மாதா உன்னைக் காக்கட்டும்.

போன் நம்பரை மாற்றிவிட்டாய். பெற்றவள் தபால்காரனை நம்ப வேண்டியிருக்கிறது. கொட்டிவாக்கம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? லூயிஸ் மாமா மேல் நீ கொடுத்த பலாத்கார கேஸ் அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறதாம். அவன் என் கூடப்பிறந்த தம்பி, நீ என் வயிற்றில் பிறந்தவள். எந்தக் கண்ணைக் குத்திக்கொள்வேன்? கேஸைப் பற்றி எழுதாதே, என் நெஞ்சு தாங்காது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் நாலு வரி எழுது.

உன் அம்மா
மர்சலின்

கொட்டிவாக்கம்
16.6.2024

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டதே போதும், வயிறு நிறைந்துவிட்டது. இப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டே தூங்குகிறேன். பள்ளிக்கூட வேலையில் மறுபடி சேர்ந்துவிட்டேன். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன், திட்டாதீர்கள். ஞாயிறு பூசையில் பைபிளின் முதல் வாசகத்தை வாசிப்பது நான்தான். போன வாரம் குரல் நடுங்கவேயில்லை. வெளியே வந்து காரணமில்லாமல் சிரித்தேன். ஒருநாள் நீங்களும் வந்து கேட்க வேண்டும்.

உங்கள் ஜொவிட்டா

பெசன்ட் நகர்
23.6.2024

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாமாவிடமும் காட்டினேன்.

"பாத்தியாக்கா, பீடத்துல நின்னு வாசிக்கிறா. நான் கெடுத்திருந்தா இப்படி சிரிச்சிக்கினு இருப்பாளா?" என்றான்.

மாமாவின் வக்கீல் கணேசமூர்த்தியும் அதையேதான் சொல்கிறார். கடிதத்தில் அந்த விஷயமே இல்லையாம், கோர்ட்டில் காட்டுவாராம். உன்னிடம் எழுதி வாங்கச் சொன்னதும் அவர்தான். சொல்லாவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். நீதான் தேறிவிட்டாயே, இனி யாருக்கு என்ன நஷ்டம்? மாமா மகள் ஈவ்லினுக்கு வரன் வந்துகொண்டிருக்கிறது. பெரிய மனசு பண்ணு. வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன், வா.

உன் அம்மா

கொட்டிவாக்கம்
27.6.2024

அம்மா,

ஒரு வருடம் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் படுத்தேன். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்றுதான் அதை எழுதவில்லை. நான் எழுந்து நின்றதையே அவருக்குச் சாட்சியாக்கிவிட்டீர்கள். அவர் செய்ததைவிட இது வலிக்கிறது.

இந்தக் கடிதத்தையும் வக்கீலிடம் கொடுங்கள். லூயிஸ் மாமா என்னைப் பலாத்காரம் செய்தார். நான் நன்றாக இருக்கிறேன். இரண்டும் உண்மை. இரண்டையும் கோர்ட்டில் நானே சொல்வேன்.

அன்று நீங்கள் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஜொவிட்டா