நேராக்கிய தாலாட்டு

மைக்குக்கு முன்னால் மாட்டும் துணி வலையைத் துவைக்கலாமென்று இன்று கழற்றினேன். கிராம்பு வாசனை. பாடுவதற்கு முன் கிராம்பைக் கடவாயில் அடக்கிக்கொள்கிற ஆள் நீ ஒருவன்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன்.

வெளிநாட்டிலிருக்கும் உன் பெண் பிரசவத்துக்கு மைசூர் வரவில்லை. உன்னை விமானம் ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். "தாலாட்டையாவது அனுப்பறேன்" என்று அக்ரஹாரத்து மாடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாய். நீலாம்பரி பாடினாய். குரல் நடுங்கியது, அங்கங்கே சுருதி இறங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் ஸ்டுடியோவிலிருந்து போகிற பாட்டு, நாலு பேர் கேட்பார்களே என்று மானம் பார்த்தேன்.

நீ இறங்கிப் போனதும், சுருதி திருத்தும் மென்பொருளைச் சினிமாப் பாட்டுக்கு வைக்கிற அளவிலேயே வைத்து ஓட்டினேன். அதற்கு நடுக்கமும் ஒன்றுதான், கமகமும் ஒன்றுதான். காந்தாரத்தை ஆட்டி ஆட்டி இறக்குவாயே, அந்த அசைவையெல்லாம் தப்பென்று எடுத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக்கிவிட்டது. என் காதிலும் விழுந்தது. விழுந்தும், சுத்தமாக இருக்கிறதே என்று பழையதன் மேலேயே சேமித்துத் தொலைத்தேன்.

மறுநாள் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாய். "நன்னாருக்கு கணோ. யாரு பாடறது?" என்றாய். 'டா' என்பதற்கு உனக்கு எப்போதும் கன்னடத்து 'கணோ'தான். கேலி என்று நான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்பது ஞாபகமில்லை. அதைத்தான் உன் பெண்ணுக்கு அனுப்பினோம்.

போன வாரம் உன் மனைவி வந்திருந்தார். "கொழந்தை அதைப் போட்டாத்தான் தூங்கறதாம். எனக்குத்தான் அவர் குரலாவே தோணலை. நீங்க கைவைக்காதது ஒண்ணு இருக்குமே, அதைக் குடுங்கோ" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தேடினேன். பாட்டு முடிந்த இடத்தில் வெட்டிப்போட்ட ஒரு துண்டு மட்டும் அகப்பட்டது. நீ பேசுகிறாய். எதுவும் திருத்தாத உன் குரல்.

"சுருதி சேந்துதா? மறைக்காம சொல்லு கணோ. இல்லேன்னா இன்னொரு தரம் பாடறேன்."

உடனே என் குரல்: "பிரமாதம். வேண்டவே வேண்டாம்."

என் பதிலை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்துவிடலாமென்று உட்கார்ந்தேன். வெட்டாமலே எழுந்துவிட்டேன். அப்படியே கொடுக்கப் போகிறேன். அவர் கேட்கும்போது நானும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.