நீதிபதியின் காருக்கு வெளிச்சம் போதவில்லை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், காரும் நேற்று மாலையிலிருந்து சுகம், உன் சுகம்தான் தெரியவில்லை, போனில் கேட்டால் நல்லாயிருக்கேன்மா என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் பெயர்வதில்லை, எழுத்திலாவது நாலு வரி எழுது. முதலில் காரின் முன்விளக்குக்காக நீ அனுப்பிய பல்புகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்சல் வந்த அன்றே உன் அப்பா அவற்றை மாட்டச் சொல்லிவிட்டார். வெளிச்சம் வரத்தான் வந்தது, ஆனால் சாலையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் வந்தது. எதிர்வீட்டு நர்சம்மா பகலெல்லாம் தூங்கி மாலையில் வேலைக்குப் போகிறவள், பாவம், ஜன்னலைத் திறந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, அக்கா விடிஞ்சிடுச்சா, எனக்கு ட்யூட்டி போச்சா என்று கேட்டாள். வயரிங் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பல்பு நல்ல பல்புதான், அதைச் சுத்தி இருக்கிற இந்தப் பழைய கண்ணாடிக் கிண்ணத்துக்கு அது ஒத்துவராது, வெளிச்சத்தைச் சிதறடிச்சு எதிர்ல வர்றவன் கண்ணைக் குருடாக்கிடும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். பத்திரமாக உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் எதற்காக என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று உனக்குத் தெரியாது. பக்கத்து ஊர் நாடகக் குழுவில் எனக்கு நீதிபதி வேடம் கிடைத்திருப்பதைச் சொன்னேன் அல்லவா. மூன்றாம் காட்சியில் வந்து உட்கார்ந்தால் கடைசிவரை எழுந்திருக்க வேண்டாத வேடம், என் முழங்காலுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஒத்திகை முடியும்போது இருட்டிவிடுகிறது, திரும்பி வரும் சாலையில் பாதி தூரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் கிடையாது, நம் காரின் விளக்குகளோ மாமா அதை எனக்குக் கொடுத்தபோதே புரை விழுந்த கண் மாதிரி மங்கலாகத்தான் இருந்தன. ஒருநாள் சாலையில் படுத்திருந்த எருமையை மேடு என்று நினைத்து வண்டியை ஒதுக்கி ஓட்டி வந்தேன். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த தவறு. உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வெளிச்சம் சரியாகுற வரைக்கும் நீ போகக் கூடாது, சரியாகலைன்னா வேஷத்தை விட்டுடு என்றார். பல் டாக்டரின் மனைவி அந்த வேடத்துக்காக ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீதிபதியின் கறுப்பு அங்கிக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டாளாம், நாடக வாத்தியார்தான் என் காதில் போட்டார்.

உன் அப்பாவைக் குறை சொல்ல முடியாது, போகக் கூடாது என்று சொன்ன கையோடு வேலையில் இறங்கிவிட்டார். முன்விளக்கின் கண்ணாடி பழுத்த வெள்ளரிக்காய் நிறத்தில் இருந்தது, பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். புதிதாக வாங்கிய பற்பசை முழுவதையும் பிதுக்கி, நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய துண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தார். தெருவே புதினா வாசம். வயரிங் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, என்ன சார், காருக்கும் பல் விளக்கி விட்டீங்களா, வாய் கொப்பளிச்சுதா என்றார். பிறகு அவரே தண்ணீர் தொட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்து, மேலே ஏதோ பூச்சு பூசினார், கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் ஒளி ஏறவில்லை. அவர் பானெட்டைத் திறந்து ஒரு வயரைத் தூக்கிக் காட்டி, அக்கா, டேங்க்ல தண்ணி நிறைய இருக்கு, குழாய்தான் தலைமுடி மாதிரி இருக்கு, பேட்டரியிலிருந்து கிளம்புற கரண்ட் இது வழியா ஊரெல்லாம் சுத்திட்டு விளக்குக்கு வர்றதுக்குள்ள களைச்சுப் போயிடுது என்றார். அதற்காகத் தடிமனான வயர் ஒன்றை நேராக இழுத்து, நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டியை வைத்து, துருப்பிடித்த எர்த் போல்ட்டையும் சுரண்டிவிட்டார். பழைய பல்புதான், ஆனால் எரிந்தது பார், எனக்கே கை தட்டத் தோன்றியது. அவரும் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார், அந்த விஷயத்தில் அவர் யாருக்காகவும் காத்திருக்கிறவர் இல்லை.

மறுநாள் ஒத்திகை முடிந்து வரும்போது எதிரில் வந்த எல்லோரும் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். நான் நாடகத்தில் நடிப்பது அதற்குள் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தித் தலையை நீட்டி, ஏம்மா, ரோட்டைப் பார்த்து ஓட்டுவியா, வானத்துல நட்சத்திரம் எண்ணுவியா என்று கேட்டபிறகுதான் புரிந்தது, வெளிச்சம் மரத்து உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே அடுத்த நாள் உன் அப்பாவும் வயரிங் கடைக்காரரும் காரை நம் வீட்டு வாசலில் நிறுத்தி, எதிர்வீட்டுச் சுவரில் நர்சம்மாவிடம் கேட்டு டேப் ஒட்டி, தூரம் அளந்து, விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார்கள். உன் அப்பா ரசமட்டம் எல்லாம் வைத்துப் பார்த்தார். ஊரில் உள்ள கடைத் தராசுகளை எல்லாம் சோதித்துச் சரிசெய்கிற மனிதர், ஒரு நூல் பிசகவும் விடமாட்டார், உனக்குத் தெரியும்தானே.

இங்கேதான் கூத்து. நாடகக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் நான் தீர்ப்புச் சொல்ல வந்தவள் மாதிரி இல்லை, டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவள் மாதிரி இருக்கிறேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதனால் நம் வீட்டின் உயர்ந்த முதுகு நாற்காலியைக் கொண்டுபோக முடிவானது. உன் அப்பாவே டிக்கியைக் காலி செய்து, நாற்காலியை ஏற்றி, கயிறு கட்டி வழியனுப்பினார். அன்று திரும்பும்போது வெளிச்சம் என் முன்சக்கரத்தின் காலடியில் விழுந்தது. குறுக்கே போகிற எறும்பின் மீசை தெரிந்தது, சாலை தெரியவில்லை. சைக்கிளில் போன ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, உன் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், போதும், நாளைக்குக் காலையில அந்தப் பல் டாக்டர் வீட்டம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், வேஷம் முக்கியமா நீ முக்கியமா என்றார். எனக்கு அழுகை வந்தது என்று உனக்கு எழுதினால் சிரிப்பாய், கொஞ்சம் வந்தது. உங்களை எல்லாம் வளர்த்தபோது நான் சொன்னதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, அங்கே ஒரு கூடமே வாய்மூடிக் கேட்கிறது.

காலையில் அவர் போனை எடுப்பதற்குள் ஒரு மளிகைக் கடையிலிருந்து தராசு அடம்பிடிக்கிறது என்று அழைப்பு வந்துவிட்டது. நான்தானே அவருக்கு டிரைவர், காரை எடுத்து வாசலில் நிறுத்தினேன். அவர் தன் எடைக்கற்களை, ஒவ்வொன்றும் இருபது கிலோ இரும்பு, கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து டிக்கியில் வைக்க ஆரம்பித்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கல்லுக்குக் கார் பின்பக்கம் கொஞ்சம் அமர்ந்தது, இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம், அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார உட்கார மூக்கு மேலே தூக்கியது. நான் மெதுவாக, என்னங்க, அன்னைக்குச் சுவர்ல கோடு போட்டு விளக்கைச் சரிபண்ணும்போது இந்தக் கல்லெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் கையில் கல்லை வைத்துக்கொண்டே நின்றார். டிக்கியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எடை பார்த்த மனிதர், அன்று டிக்கியில் கிடந்த தன் கற்களின் எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சிரிக்கவில்லை, அது சத்தியம். மேலே ஜன்னலில் இருந்த நர்சம்மா சிரித்தாள்.

அப்போதும் தோற்றுப்போக மனசில்லை அவருக்கு. சரி, கல்லு காருலயே இருக்கட்டும், அதுவும் காரோட ஒரு பாகம்னு வச்சுக்கோ, நாற்காலிய மேல கட்டிக்கலாம் என்றார். நான் நீதிபதிக் குரலில், மனு தள்ளுபடி என்றேன். வயரிங் கடைக்காரரை மறுபடி கூப்பிட்டோம். அவர் தன் தப்பும் அதில் பாதி என்பதை ஒப்புக்கொள்ளாமல், நான் அப்பவே சந்தேகப்பட்டேன் சார் என்று சொல்லிக்கொண்டே, டிக்கி காலியா இருக்கணும், ஓட்டுறவங்க எடை மட்டும் சீட்ல இருக்கணும் என்றார். உடனே உன் அப்பா எடைக்கற்களைக் காட்டி, நடுத்தெருவில், உன் எடை எவ்வளவு, கூச்சப்படாம சொல்லு, அந்த அளவுக்கு அடுக்கிடலாம் என்று கேட்டார். நானே போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் திருகு திருப்பி முடிக்கும்வரை என் கடைசிக் காட்சி வசனத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், வயரிங் கடைக்காரர் நடுநடுவே, கொலைகாரன் அவன்தானா அக்கா, எனக்கு அந்தத் தம்பி மேல சந்தேகமே இல்லையே என்றார்.

நேற்று ஒத்திகைக்கு உன் அப்பாவும் வந்தார், கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன், அதுக்கப்புறம் அந்தம்மாவுக்குப் போன் பண்றதா வேணாமான்னு சொல்றேன் என்று கிளம்பினார். திரும்பும்போது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளம், வளைவு, அதோ ஒரு நாய் என்று எல்லாவற்றையும் எனக்கு முன்னால் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாமே அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. விளக்குக் கம்பங்கள் முடிகிற இடம் வந்தது, சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக்கோடும் துலக்கமாக முன்னால் நீண்டு கிடந்தன. கொஞ்ச தூரம் போனதும் பேச்சே காணோம். பயந்துவிட்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் பக்கத்தில் கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்து வந்தவர். நான் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டு, அந்த இருட்டு முழுக்க அவரை எழுப்பாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இதைப் பற்றி அவரிடம் கேட்காதே, கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன் என்பார். போன் யாருக்கும் போகவில்லை. நாடகம் நடக்கிற தேதியைப் பின்னால் எழுதியிருக்கிறேன், உன்னால் வர முடியாது என்று தெரியும், அந்த மாலை ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு போன் பண்ணு, நீ மறந்துவிட்டதாக வருத்தப்படுகிறார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா