அராஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போனில் என்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். முழங்கால் வலி குறைந்ததா? தெஹ்ரானில் நான் நலம்.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி திறக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் நம் மன்னர் கஜார் ஷா போரில் தோற்று, அராஸ் ஆற்றுக்கு வடக்கே இருந்த மாகாணங்களை ரஷ்யச் சக்கரவர்த்திக்கு எழுதிக்கொடுத்த கதை. நம் குடும்பம் இரண்டானதும் அதனால்தானே. தொடக்க உரையை நான்தான் எழுதினேன். ஒத்திகையில் இயக்குநர் அம்மாள், "உரை பிரமாதம் சோல்மாஸ். ஆனா நீ உங்க துருக்கி இழுவையில பேசினா, எல்லைச் சாவடியில லாரிக்காரன் கத்துற மாதிரி இருக்கும்மா. நம்ம தரானே வாசிக்கட்டும், அவ பாரசீகம் சுத்தமா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன மாகாணங்களுக்காக அழுகிறவர்களுக்கு, அதே மாகாணங்களின் மொழியான, போகாமல் மிஞ்சிய நம் பேச்சு காதில் குத்துகிறது.

ஆட்டுப் பால்கட்டி வேண்டும். ஒருத்திக்குத்தானே, கொஞ்சம் போதும். கம்பளிக் காலுறையும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள் அப்பா. அன்று முன்வரிசையில் உட்காருங்கள். தரானே வாசித்து முடித்ததும் எழுந்து, அந்தக் கரையிலேயே தங்கிவிட்ட நம் ஜனம் என்ன ஆனது என்று நம் மொழியில் கேளுங்கள். நவ்ரோஸ் அன்று ஆற்றோரம் நின்று அக்கரைச் சொந்தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவீர்களே, அந்தக் குரலில் கேளுங்கள். அந்த மண்டபத்தில் என்னைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது.

சோல்மாஸ்