பின்பக்கத்துக் கவிதைகள்

காவலூர், ஜவ்வாது மலை
6.10.2025

அன்புள்ள ரேணு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. நேராக விஷயம்: என் கவிதைத் தொகுப்பு முடியப் போகிறது! கல்லூரிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "நீ எழுது, நான் அச்சடிக்கிறேன்" என்று சொன்னாயே, அந்தப் பைத்தியக்காரப் பேச்சு நிஜமாகப் போகிறதடி!

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்னல் கிடைக்க மலைரோட்டின் மேல் வளைவு வரை ஏற வேண்டும். ஏறினால் சென்னைப் பதிப்பகத்துக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். போன் பிழைப்புக்கு, கடிதம் உனக்கு.

பிழைப்பு இப்போது ஒரு சிறுதானியச் சமையல் புத்தகம். ராணியம்மாள் என்பவர் எழுதியது. காலையில் அதற்குப் பிழை திருத்துகிறேன். மத்தியானம் ஒரு யோகாசனப் புத்தகத்தை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் பாரேன், வரகு உப்புமாவில் விட்டுப்போன புள்ளியை வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கவிதை வந்து நிற்கிறது. எழுந்து நோட்டைத் தேடினால் ஓடிவிடும். அதனால் கையிலிருக்கும் திருத்தத் தாளையே திருப்பி, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி சாமை அறுத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறார். "இன்னா இது, முன்னாடி சோறு, பின்னாடி பாட்டா?"

சிரிக்கட்டும். இந்த மாதத்துக்குள் எல்லாம் உன் கையில் இருக்கும்.

உன்
அன்பரசி

*

திருப்பத்தூர்
10.10.2025

என் அருமைக் கழுதைக்கு,

கடிதத்தை என் கடையில் நின்றபடியே படித்துவிட்டுக் கத்திவிட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க மாதிரிகள் பார்க்க வந்த அம்மா பயந்துபோய், "இன்னாங்க, உங்க வூட்ல எதுனா விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பதிப்பகத்தின் முதல் புத்தகம் விசேஷமில்லையா? பத்திரிகை அடித்தே காலம் போய்விடுமோ என்று எத்தனை நாள் பயந்திருக்கிறேன் தெரியுமா!

அட்டைப்படம் வரையக் கொடுத்தாயிற்று. நவம்பர் நடுவில் புத்தக அச்சகத்தில் நேரம் ஒதுக்கிவிட்டார்கள். கடை வாசலில் உன் பெயர் போட்டு நோட்டீசும் ஒட்டிவிட்டேன். பத்திரிகை அடிக்க வருபவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பு. உன் புத்தி எனக்குத் தெரியும்.

ரேணுகாதேவி,
பதிப்பாளர்
(சும்மா எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.)

*

காவலூர்
27.10.2025

அன்புள்ள ரேணு,

திட்டுவதற்கு முன் முழுதும் படித்துவிடு.

தீபாவளிக்கு முன்னால் சமையல் புத்தகத்தைத் திருத்தி முடித்து, கட்டாகக் கட்டி, ஆலங்காயத்தில் கூரியரில் போடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அப்புறம் உனக்கு அனுப்பக் கவிதைகளைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். எல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் அல்லவா இருக்கின்றன! அவரோ, "நீதான கட்டிக் குட்த்த? போட்டுட்டு வந்துட்டேன். இப்ப இன்னா?" என்கிறார்.

வளைவுக்கு ஓடிப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டேன். கணினியில் திருத்தம் போடும் கோவிந்தன் சார் பேசினார். "எல்லாம் போட்டாச்சு மேடம். பின்னாடி எழுதியிருந்ததையும் சேர்த்தாச்சு. தாளை உங்களுக்கே திருப்பி அனுப்பிட்டேன்." சாமைப் பொங்கல் செய்முறை, 'நெய் விட்டு இறக்கவும்' என்று முடிகிறதாம். அதற்குக் கீழே,

கோழிக்கு இறைத்த சாமையில்
பாதி எறும்புக்கு.
யாரும் கேட்கவில்லை,
எனக்குத்தான் வெட்கம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஆனால் இனிமேல்தான் விஷயம். ராணியம்மாள் படித்துவிட்டு, கவிதைகளை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்! பதிப்பாசிரியரே என்னிடம் பேசினார். அட்டையில் என் பெயரும் வருமாம். தமிழ்நாடு முழுக்கக் கடைகளில் கிடைக்குமாம். வருஷம் பூராவும் எனக்கு வேலை தருவார்களாம். ஒரே நிபந்தனை, அந்தக் கவிதைகள் வேறு எந்தப் புத்தகத்திலும் வரக்கூடாது. வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பொய் சொல்ல மாட்டேன் ரேணு, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் உன் வாசல் நோட்டீசை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீயே சொல். நீ சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன்
அன்பரசி

*

திருப்பத்தூர்
30.10.2025

அன்பரசிக்கு,

முழுதும் படித்தேன். கவிதை நன்றாக இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

என்னை ஏன் கேட்கிறாய்? தோழியைக் கேட்டால், போ, ஊரெல்லாம் உன்னைப் படிக்கட்டும் என்பாள். பதிப்பாளரைக் கேட்டால், என் முதல் புத்தகத்தைப் பிடுங்காதே என்பாள். இரண்டு பேரும் நான்தானே. எதைச் சொன்னாலும் பழி என் தலையில்தான் விடியும். நீயே முடிவெடுத்துவிட்டுச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் கோபமாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். என்னைக் கேட்டதுதான் வலிக்கிறது.

நோட்டீசைக் கிழிக்கவில்லை. வருகிறவர்கள் "எப்பங்க வர்து?" என்று கேட்கிறார்கள். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

ரேணுகாதேவி

*

திருப்பத்தூர் பஸ்ஸில்
4.11.2025

என் ரேணு,

எழுத்து ஆடும். மலை இறங்கிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து சீட்டில் பலாப்பழம் இல்லாத குறைதான், மற்ற எல்லா மூட்டையும் இருக்கிறது.

முடிவெடுத்துவிட்டேன். சரி என்று சொல்லத்தான் நேற்று வளைவுக்கு ஏறினேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பதிப்பாசிரியர் குஷியில் இருந்தார். "செய்முறைக்குக் கீழ கொஞ்சம் கொஞ்சம் எடம் காலியா கெடந்துது மேடம். உங்க கவிதை கச்சிதமா உக்காந்துடுச்சு. நீளமா இருந்ததை மட்டும் வெட்டிட்டோம்" என்றார். வெட்டிவிட்டார்களாம்! காலி இடத்தை அடைக்கவா நான் எழுதினேன்? நாக்கு நுனியில் இருந்த 'சரி' அப்படியே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் சார் என்றேன். யோகாசனப் புத்தகம் முடிந்ததும் நம் வேலையும் முடிந்தது என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம், திரும்பி வந்த தாள்களில் எதுவும் வெட்டுப்படாமல் எல்லாம் என்னிடமே இருக்கிறது என்று நினைத்ததும் நடுரோட்டில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அவர், "உன்னுத நீ வச்சிக்கின. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்கிறார். சரிதானே?

எனக்கு ஒரு வேலை வேண்டும். உன் கடையில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறேன். மாப்பிள்ளை பெயர் ஒருநாளும் தப்பாது. மதியம் வரை உனக்கு, அதற்குமேல் எனக்கு.

கவிதைகள் எல்லாம் மடிமேல் பையில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். உன் கையில் நானே கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பேன். கோபம் தீரவில்லை என்றால் பாதியிலேயே மடித்து வைத்துவிடு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுகிறேன். இதுவரை படித்துவிட்டாய் என்றால், தலையைத் தூக்குடி. எதிரே நிற்கிறேன்.

அன்பரசி