அனந்தராமனின் .315

கோர்படி, புனே
9 ஜூன் 2025

அன்புள்ள சியாமளாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

மாப்பிள்ளை அனந்தராமனின் ரைஃபிளை .303 என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். அது .315. நீ செய்தது தவறு. போனில் சொன்னால் பேச்சைத் திருப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று கேம்ப் கடைத்தெருவில் அந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தேன். அனந்தராமன் காலமானதும் நீங்கள் ஒப்படைத்தது அங்கே அலமாரியில் நிற்கிறது. கழுத்தில் ஒரு சீட்டு: ".303, தடை செய்யப்பட்ட ரகம்." கடைக்காரரைக் கேட்டேன். "லைசென்ஸ்லதான் .315ன்னு தப்பா இருக்கு, இது .303தான்னு ஆஜியே சொன்னாங்க காகா. பார்த்தா அப்படித்தானே இருக்கு?" என்று கையை விரித்தார். ஆஜி என்று அவர் சொன்னது உன்னைத்தான்.

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே உடல், அதே போல்ட், அதே தோட்டாப் பெட்டி. ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, இங்கே விற்பதற்காக அதே உடலில் எட்டு மில்லிமீட்டர் குழலைப் பொருத்தினார்கள். அதுதான் .315. ராணுவக் குழலின் துளை ஏழு புள்ளி ஏழு. கண்ணால் பார்த்துச் சொல்கிறவன் புளுகுகிறான். அளக்க வேண்டும்.

கிட்டு சொல்லித்தானே எழுதினாய்? உன் பிள்ளை ஏதோ ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தீர்மானித்திருப்பான். உடனே பதில் போடு.

மகாதேவன்

*

வாகட்
13 ஜூன் 2025

அண்ணாவுக்கு சியாமளாவின் நமஸ்காரம்.

அவர் போனபோது துக்கம் விசாரிக்க வந்து நாலு வார்த்தை பேசினாய். அவருடைய துப்பாக்கிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். காலமெல்லாம் ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டினவன் கண்ணில் இந்தச் சீட்டு படாமல் இருக்குமா?

எங்கள் வீட்டில் அதற்கு த்ரீ நாட் த்ரீ என்றுதான் பேர். அவர் வேலை பார்த்த சர்க்கரை ஆலைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். லைசென்ஸ் பார்க்க வரும் கான்ஸ்டபிளும் அப்படித்தான். நானும் அதையே சொன்னேன். கரும்பைத் தின்ன வந்த பன்றிகளைச் சுட்டவரின் பெண்டாட்டி நான். ஒரு காக்கையைக்கூடச் சுடாதவன் நீ. பாடம் எடுக்கிறாயே!

கிட்டுவை இதில் இழுக்காதே. துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப்போய் உருக்கிவிடுமாம். உருக்கட்டும், விடு. மன்னியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாவடு போட்டிருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வரத்தான் மாட்டேன் என்கிறாய்.

சியாமளா

*

கோர்படி
17 ஜூன் 2025

சியாமளாவுக்கு ஆசீர்வாதம்.

சுட்டதில்லைதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய கேட்லாக்குகளை நானாகப் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை என்பதால் வீட்டில் யாரும் நம்பியதும் இல்லை. பழகிவிட்டது.

நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன். .315-இன் தோட்டாவுக்கு அடிப்பக்கம் பருமன். .303-க்குள் அது நுழையவே நுழையாது. கடைக்காரரிடம் இருந்த மருந்தில்லாத தோட்டாவை என் எதிரில் போடச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போனது. போல்ட் சுகமாக மூடியது. "பரோபர் ஆஹே, காகா" என்று நான் சொன்னதே சரி என ஒப்புக்கொண்டார். ஆனால் நீ போட்ட கையெழுத்தை அவர் திருத்த முடியாதாம். நீதான் திருத்த வேண்டும்.

உருக்கட்டும், விடு என்கிறாய். கேள். லைசென்ஸில் இருப்பது .315. உன் கையெழுத்தில் இருப்பது .303. அப்படியானால் அனந்தராமன் நாற்பது வருஷம் ராணுவ ரகத்தைச் சட்டவிரோதமாக வீட்டில் வைத்திருந்தார் என்று ஆகிறது. போலீஸ் சும்மா விடாது. வாரிசு என்று கிட்டுவைக் கூப்பிட்டுக் கேட்கும். ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தின மனிதர் மாப்பிள்ளை. அவருக்கு இந்தப் பேரா?

இன்னொன்று. ஒரு தடவை நாம் மூன்று பேருமாகத் தோட்டா வாங்கப் போனோம். மாப்பிள்ளை வேறு பெட்டியைக் கையில் எடுத்தபோது, "அது இல்லை, எட்டு எம்.எம்." என்று பிடுங்கி வைத்தவள் நீ. உனக்குத் தெரியும். ஏன் மாற்றி எழுதினாய்?

மகாதேவன்

*

வாகட்
24 ஜூன் 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஆமாம், தெரிந்தேதான் எழுதினேன். கிட்டுவுக்கு எதுவும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் கணபதி ஊர்வலம் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாசலுக்கு வந்தது. கிட்டுவும் மருமகளும் கீழே இருந்தார்கள். டோல் மேளச் சத்தம் கேட்டதும் இவர் அலமாரியைத் திறந்து ரைஃபிளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "சியாமா, பன்னி கரும்புக்குள்ள இறங்கிடுத்து. சத்தம் போடாதே" என்றார். கீழே குழந்தைகள் முகமெல்லாம் குலால் பொடி பூசிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. தோளில் வைத்துக் குறி பார்த்தார். விசையை இழுத்தார். இழுத்தார், அண்ணா.

அவர் மறக்க ஆரம்பித்ததுமே போல்ட்டைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தேன். அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. "தப்பிச்சுடுத்து" என்று உள்ளே வந்து காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கடையில் ஒப்படைத்த அன்று போல்ட்டைக் கொடுத்தபோது அதிலிருந்து அரிசி உதிர்ந்தது.

.315 என்றால் பிள்ளை பெயருக்கு மாற்றலாம், .303 என்றால் யாருக்கும் கிடையாது என்று கடைக்காரர்தான் சொன்னார். கிட்டுவோ, "அப்பா ஞாபகமா ஆத்துலயே வெச்சுக்கலாம்மா" என்று நின்றான். வேண்டாம் என்றால் காரணம் கேட்பான். அந்தப் பால்கனியை அவனிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் .303 என்றேன். இவர் பேரைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நான் என்ன செய்ய? திட்டுவதானால் திட்டிவிட்டுச் சொல்.

சியாமளா

*

கோர்படி
27 ஜூன் 2025

என் தங்கை சியாமளாவுக்கு,

திட்டப்போவதில்லை. சொன்னதை மாற்றிக்கொள்ளவும் போவதில்லை. .315-ஐ .303 என்று எழுதியது தவறு. அந்த ரைஃபிள் உன் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது என்று நினைத்தது சரி. இரண்டாவதற்காக முதலாவதைச் செய்திருக்க வேண்டாம். வாரிசே தனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் .315-ஐயும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். போகிறது தன் பெயரோடு போகட்டும்.

கிட்டுவைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அரிசி டிரம் எனக்குத் தோன்றியிருக்காது.

இனி ஆகவேண்டியது.

கடைக்காரர், தோட்டா நுழைந்ததையும் குழலின் அளவையும் தன் கைப்பட எழுதிக்கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டார்.

நீ திங்கட்கிழமை கடைக்கு வந்து பழையதை ரத்து செய்து, .315 என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வயசாச்சு, குழம்பிட்டேன் என்று சொல்லாதே. நீ குழம்புகிறவள் இல்லை. தவறாக எழுதினேன் என்று மட்டும் சொல்.

போலீஸ் நிலையத்துக்கு உன்னோடு நான் வர வேண்டும். இன்ஸ்பெக்டர் இரண்டும் ஒன்றுதானே என்பார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிட்டு, தனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் அவனுக்குப் பால்கனி விஷயம் தெரிய வேண்டும். அதை நீதான் சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அண்ணா
மகாதேவன்